ஊரும் ஏடும் – 17: பேகம்பூரில் யாருடைய பிறந்தநாள்?

திண்டுக்கல் பேகம்பூர் பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இருக்கிறது. ஹைதர் அலியின் தங்கை அவர். ஊருக்குப் பெயர் வந்தது அவரால்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அண்ணன் 1755இல் மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்தார். இந்த மலைக்கோட்டையில் இருந்துதான் படை சேர்த்தார், பலம் சேர்த்தார், சில ஆண்டுகளில் மைசூரையே கைக்குள் கொண்டுவந்தார். அந்த ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையொப்பத்துக்குத் தன் பெயரின் முதல் எழுத்து ஒன்றை மட்டும் பழகி வைத்திருந்தார்.

அவர் மகன் திப்பு சீரங்கப்பட்டணத்து அரண்மனையில் ஏறத்தாழ 2,000 நூல்கள் வைத்திருந்தார். அரபி, பாரசீகம், இந்துஸ்தானி என்று பல மொழி ஏடுகள். சமயம், வரலாறு, மருத்துவம், வானியல், கவிதை எல்லாம் அதில் உண்டு. 1799 மே 4 அன்று திப்பு வீழ்ந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போனார்கள். கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்குப் பெரும்பகுதி, மிச்சம் லண்டனுக்கு. சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர் அவற்றுக்கு ஒரு பட்டியல் தயாரித்து 1809இல் அச்சிட்டார்.

தந்தைக்கு எழுத்து வாசனையே இல்லை. மகனிடம் ஒரு நூலகமே இருந்தது. பேகம்பூர்ப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய கதை இதுதான் என்பேன். ஆனால் திப்பு விழா மேடைகளில் வாளும் புலியும் ராக்கெட்டும் வருகிற அளவுக்கு இந்த ஏடுகள் வருவதில்லை. திண்டுக்கல்லில் ஹைதருக்கும் திப்புவுக்கும் அரசு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. அந்த மண்டபத்துக்குள் ஆண்டுக்கு ஒரு நாளாவது பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்து புத்தகம் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

திப்பு விழா மட்டுமல்ல, எந்தத் தலைவர் பிறந்தநாள் என்றாலும் நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது? ஜூலை 15ஐ எடுத்துக்கொள்வோம். காமராசர் பிறந்தநாளைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாட அரசு சட்டமே இயற்றியது 2006இல். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் படத்துக்கு மாலை, பிறகு பேச்சுப் போட்டி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மைக் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் இரண்டு பக்கம் ஒப்பிக்கும். நடுவில் ஒரு வரி மறந்துவிட்டால் கண் நேராக டீச்சரிடம் போகும். டீச்சரின் உதடு அசையும். பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரும். கைதட்டல், பரிசு. அந்தப் பிள்ளை அன்றைக்குக் காமராசரைப் பற்றி ஒரு பக்கமாவது தானாகப் படித்ததா? எழுதிக் கொடுத்தது அப்பாவோ அக்காவோ செல்போனோதானே?

தமிழ் வளர்ச்சித் துறையும் அம்பேத்கர், பெரியார், அண்ணா, காந்தி, நேரு, கலைஞர் பிறந்தநாட்களையொட்டி மாவட்டந்தோறும் பேச்சுப் போட்டி வைக்கிறது. முதல் பரிசு 5,000 ரூபாய். நல்ல காரியம்தான், பேசத் தெரிந்த பிள்ளைக்கு. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிற பிள்ளைக்கு அன்றைக்கு அங்கே என்ன வேலை? கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவதைத் தவிர?

காமராசரையே பாருங்கள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு மாமா கடைக்குப் போனவர். வெவ்வேறு சமயங்களில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். அங்கேதான் புத்தகங்களை வைத்துக்கொண்டு தாமாகவே ஆங்கிலம் படித்துத் தேறினார். அவர் கொண்டுவந்த மதிய உணவுத் திட்டத்தைச் சொல்கிற அளவுக்கு இதை மேடையில் யாரும் சொல்வதில்லை. வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு இதைவிடத் தெம்பு தருகிற செய்தி வேறென்ன?

ஒருவரின் நினைவு நாளை வாசிப்பாலேயே கொண்டாட முடியும் என்பதற்குக் கேரளம் சாட்சி. அங்கே ஜூன் 19 வாசிப்பு நாள். பி.என்.பணிக்கர் 1995இல் மறைந்த நாள் அது. பள்ளி ஆசிரியரான அவர் 1926இல் சொந்த ஊரான நீலம்பேரூரில் சிறு நூலகம் ஒன்றைத் தொடங்கினார். 1945இல் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தை உண்டாக்கினார். வாசிப்பு நாள் அங்கே வாசிப்பு வாரமாக வளர்ந்திருக்கிறது என்றால், ஊருக்கு ஊர் திறந்திருக்கிற நூலகங்கள் அதற்குப் பின்னால் இருக்கின்றன.

நம்மிடமும் இல்லாமல் இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணம் 1948இல் கொண்டுவந்ததுதான். சொத்து வரியோடு சேர்த்து இன்றைக்கும் நூலக வரி கட்டுகிறோம். அண்ணா பெயரால் 2006இல் வந்த மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம் என்று முடிவாகி, கட்டடங்கள் எழும்பின, புத்தகங்கள் வந்து இறங்கின. பிறகு ஆளில்லாமல் எத்தனையோ நூலகங்கள் பூட்டப்பட்டன. பெயர்ப்பலகையில் அண்ணா இருக்க, உள்ளே புத்தகத்தைக் கரையான் தின்ற ஊர்கள் உண்டு. நெஞ்சு பொறுக்கவில்லை.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் எனக்கு நம்பிக்கை தருகிறது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள். பிள்ளை தன் நிலைக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம். வரும் ஜூலை 15 அன்று பேச்சுப் போட்டியோடு இன்னொன்றையும் செய்யலாம். காமராசர் வாழ்க்கையைச் சொல்லும் சிறு நூல் ஒன்றைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, வகுப்பில் நாலு நாலு பேராக உட்கார வைத்துக் கொடுங்கள். வரிக்குக் கீழே விரல் வைத்துத்தான் படிப்பார்கள். ‘சத்தியாக்கிரகம்’ வந்ததும் விரல் நின்றுவிடும். பக்கத்துப் பிள்ளை எடுத்துக்கொடுக்கும். படித்த பக்கத்தில் என்ன நடந்தது என்று தன் வாயால் சொல்லட்டும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. ஒரு மணி நேரத்தில் வகுப்பு முழுதும் ஒரு புத்தகத்தை முடித்துவிடும்.

மாலையில் அதே பக்கங்களைத் தெருவில் பாட்டிமார்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லலாம். பேகம்பூர்ச் சந்துகளில் கேட்க ஆளுக்குப் பஞ்சமில்லை. ஹைதரும் அப்படித்தானே, பிறர் வாசிக்கக் கேட்டுத்தான் ஓர் அரசையே நடத்தினார்.

அடுத்த வாரம் வத்தலக்குண்டு போகிறோம். சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர். ராஜம் ஐயரும் பி.எஸ்.ராமையாவும் சி.சு.செல்லப்பாவும் வந்த ஊர். சிவாவின் பிறந்தநாளான அக்டோபர் 4க்கு அங்கே என்னென்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

(தொடரும்)