எனக்கு இந்த கோர்ஸ் செட் ஆகுமா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் யாராவது ஒரு பெர்சனாலிட்டி டெஸ்ட் லிங்க் அனுப்புவாங்க. உட்கார்ந்து க்ளிக் பண்ணினா கடைசியில ரெண்டு மூணு எழுத்து வரும்: நீங்க இந்த டைப், இந்தப் படிப்பு எடுங்க. இதை எவ்வளவு நம்பலாம்?

இந்த மாதிரி பல டெஸ்ட்டுக்கு அடிப்படை போட்டவர் ஜான் ஹாலண்ட். அமெரிக்க உளவியலாளர், 1959-ல தன்னோட கோட்பாட்டை வெளியிட்டார். கையால வேலை செய்யப் பிடிச்சவங்க, துருவிப் பார்க்கிறவங்க, கலை மனசுக்காரங்க, மத்தவங்களுக்கு உதவுறவங்க, நாலு பேரைப் பேசியே இழுக்கிறவங்க, எல்லாத்தையும் ஒழுங்கா அடுக்கி வைக்கிறவங்கன்னு ஆறு வகை. படிப்பையும் வேலையையும்கூட அவர் இதே ஆறாதான் பிரிச்சார். ஒரு டிபார்ட்மென்ட்னா சிலபஸ் மட்டும் இல்லையே, அங்க இருக்கிற ஆட்களும்தானே. ஆளும் இடமும் ஒத்துப்போனா நிலைச்சு நிப்பாங்க என்பது அவர் வாதம்.

இதுல உண்மை இருக்கு. டென்மார்க் ஆய்வாளர் அன்னா வெடெல் 2016-ல, 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பத்தின 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். ஆர்ட்ஸ், சைக்காலஜி மாணவர்களுக்குப் புதுசைத் தேடுற குணம் அதிகம், மனக்கலக்கமும் அதிகம். சட்டம், பிசினஸ், எகனாமிக்ஸ் பக்கம் விட்டுக்கொடுக்கிற குணம் கொஞ்சம் கம்மி. (லா காலேஜ் நண்பர்களே, கோவிச்சுக்காதீங்க!) ஆனா இதெல்லாம் சராசரி. கூச்ச சுபாவம் இருந்தா சட்டம் படிக்கக் கூடாதுன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. பொருத்தம் இருந்தா திருப்தி ஓரளவு கூடும். நாம நினைக்கிற அளவுக்கு இல்லை.

நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். இன்ஜினியரிங் கட்-ஆஃப் மேத்ஸுக்கு 100, ஃபிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200. உனக்கு என்ன பிடிக்கும்னு அதுல ஒரு மார்க்குக்குக்கூட கேள்வி இல்லை. "195 வாங்கிட்டு சிவில் எடுக்கப் போறியா?"ன்னு பெரியப்பா கேட்கிறார், சிஎஸ்இ முடிவாகிடுது. அதனால டெஸ்ட் தேவையேன்னு தோணும். எனக்கு அதுலயும் ஒரு சந்தேகம். "மெஷின் ரிப்பேர் பண்ணப் பிடிக்குமா?"ன்னு கேட்டா, ஸ்கூல், ட்யூஷன், வீடுன்னே ரெண்டு வருஷம் ஓடின 17 வயசுப் பிள்ளை எதை வெச்சு பதில் சொல்லும்? ஸ்பேனரையே தொட்டதில்லையே. தெரியாததைப் பிடிக்கலைன்னு டிக் பண்ணிட்டு வந்துடும்.

அதனால சாய்ஸ் லாக் பண்றதுக்கு முன்னாடி, அந்த கோர்ஸ்ல மூணாவது வருஷம் படிக்கிற ஒருத்தரைப் பிடிங்க. "ஸ்கோப் இருக்காண்ணா?"ன்னு கேட்காதீங்க. போன வாரம் லேப்ல என்ன பண்ணினீங்க, எது போர் அடிச்சுது, எதுல நேரம் போனதே தெரியலைன்னு கேளுங்க. சிவில்னாலும் சைட்ல நிக்கிறவர் வேற, டிசைன் போடுறவர் வேற, எஸ்டிமேட் போடுறவர் வேற. முடிஞ்சா மூணு பேர்கிட்டயும் பேசுங்க.