மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் வக்கீல் ஃபீஸும் போய்விடுமா?

"வேங்கிக்கால்ல ஒரு மனை இருக்கு சார், வித்ததும் உங்க ஃபீஸை மொத்தமா கொடுத்துடறேன்."

திருவண்ணாமலை வக்கீல் ஒருவரிடம் கட்சிக்காரர் இப்படிச் சொல்லி வழக்கை நடத்த வைத்தார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு முடிந்ததும் ஃபீஸுக்குப் பதில் மஞ்சள் நோட்டீஸ், அதாவது நொடிப்பு நோட்டீஸ், வருகிறது. கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் வக்கீல் பெயரும் இருக்கிறது.

நோட்டீஸ் கொடுத்ததுமே கடன் தீர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டப்படி, நீதிமன்றம் அவரை நொடித்தவர் என அறிவித்து, பிறகு விடுவிப்பு உத்தரவும் தந்தால்தான் கடன் தீரும். அப்போதும் அரசுப் பாக்கி, ஜீவனாம்சம், மோசடியால் உண்டான கடன் ஆகியவை தீராது என்கிறது 44-ஆவது பிரிவு. பொய் சொல்லித் தவணை வாங்கிய கடனும் அப்படியே. வக்கீல் ஃபீஸுக்கென்று தனிச் சலுகை கிடையாது. மளிகைக் கடை பாக்கியைப் போல அதுவும் ஒரு கடன்.

ஆகவே, அந்த மனையின் கதைதான் முக்கியம். மனை இருந்து, விலைபோகவில்லை என்றால் அது மோசடி ஆகாது. வாக்குக் கொடுக்கும் முன்பே அதை வேறொருவருக்குக் கிரயம் செய்திருந்தால் மோசடி. வில்லங்கச் சான்றில் கிரயத் தேதி இருக்கும். 'மனையை விற்றுத் தருகிறேன்' என்று கட்சிக்காரர் சொன்ன தேதிக்குத்தான் பெரும்பாலும் ஆதாரம் இருக்காது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே இப்படி ஒரு வழக்கு போனது. லாமர், ஆர்ச்சர் அண்ட் காஃப்ரின் என்ற சட்ட நிறுவனத்துக்கு 60,000 டாலருக்கு மேல் பாக்கி வைத்திருந்த கட்சிக்காரர், வரி ரீஃபண்ட் சுமார் ஒரு லட்சம் டாலர் வரும் என்று வாயால் சொன்னார். வந்தது 59,851 டாலர். அதைத் தொழிலில் போட்டுவிட்டு, இன்னும் வரவில்லை என்றார். பின்னர் திவால் மனு போட்டார். 2018 ஜூனில் நிறுவனம் தோற்றது. பண நிலைமை பற்றிய பொய் எழுத்தில் இருந்தால்தான் கடன் தீராமல் நிற்கும் என்பது அங்குள்ள சட்டம். ஒரே ஒரு சொத்தைப் பற்றிய பேச்சும் அதில் அடங்கும் என்றது நீதிமன்றம். பொய்யருக்குச் சாதகமான தீர்ப்பு என்றே எனக்குப் படுகிறது.

நம் 44-ஆவது பிரிவில் அந்த எழுத்து நிபந்தனை இல்லை. வாய்ச்சொல்லையும் சாட்சி வைத்து நிரூபிக்கலாம். நிரூபிக்கும் பொறுப்பு மோசடி என்று சொல்பவருடையது. 2016-ஆம் ஆண்டின் புதிய திவால் சட்டமும் மோசடிக் கடனை விடுவிப்பதில்லை. ஆனால் அதன் தனிநபர் பகுதி இதுவரை நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கே நடைமுறையில் உள்ளது.

ஃபீஸ் வரவில்லை என்று கேஸ் கட்டைப் பிடித்துவைக்கவும் முடியாது. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 97,100 ரூபாய் பாக்கிக்காக வங்கியின் கட்டுகளைத் தர மறுத்த வக்கீலை 2000-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அது சரியான தீர்ப்பு. கட்டு இல்லாத கட்சிக்காரர் அடுத்த வாய்தாவுக்கு எதை வைத்து வாதாடுவார்? வக்கீலுக்கு 1926-ஆம் ஆண்டு ஃபீஸ் சட்டப்படி வழக்குப் போடும் உரிமை உண்டு. மஞ்சள் நோட்டீஸ் வந்துவிட்டால், நொடிப்பு மனுவில் ஆஜராகித் தன் கடனை நிரூபித்து, விடுவிப்பை எதிர்க்கலாம்.