திறமை என்னும் சந்தேகக் கேஸ்

பதினெட்டுப் பேர் பரீட்சை எழுதினார்கள். பதினெட்டுப் பேரும் பாஸ். 'அதெப்படி இவங்களால முடியும்?' என்கிற தொனியில்தான் அந்த வெற்றி எதிர்கொள்ளப்பட்டது.

ஆண்டு 1982. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கார்ஃபீல்ட் உயர்நிலைப்பள்ளி. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியில் வந்த உழைப்பாளிகளின் பிள்ளைகள். அவர்கள் எழுதியது 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' கால்குலஸ், அதாவது பள்ளியிலிருந்தபடியே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு. விடைகளில் தவறுகள் ஒரே மாதிரி இருப்பதாகச் சொல்லி 14 பேரைத் திரும்ப எழுதச் சொன்னது தேர்வு நிறுவனம். 12 பேர் எழுதினார்கள். அத்தனை பேரும் மறுபடி பாஸ். ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் ஒரே மாதிரி தப்புப் பண்ணமாட்டார்களா என்ன?

இதே பள்ளியின் முந்தைய தலைமுறை 1968 மார்ச்சில் வகுப்புகளைப் புறக்கணித்துத் தெருவுக்கு வந்தது. தங்களைக் கல்லூரிப் படிப்புக்குத் தயார்செய்யாமல் தொழிற்பயிற்சி வகுப்புகளுக்குத் தள்ளுகிறார்கள் என்பது அன்றைய புகார்களில் ஒன்று. கணக்கு வகுப்பின் கதவைச் சாத்திவிட்டு 'இவங்களுக்குக் கணக்கு வராது' என்று சொல்லும் அதிகாரத்தைத்தான் 'திறமை' பற்றிய சொல்லாடல் மறைத்துவைக்கிறது.

1988இல் வந்த 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' படம் இதைத் தனிமனித சாகசமாகக் கதையாடியது. பொலிவியாவிலிருந்து வந்த ஆசிரியர் ஜெய்மி எஸ்கலான்டே, பின்னக் கணக்கில் தடுமாறும் பிள்ளைகளை ஒரே மூச்சில் கால்குலஸுக்கு ஏற்றிவிடுகிறார்! பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் அங்கே சேர்ந்தது 1974இல். 1979இல் எழுதியவர்கள் 5 பேர், தேறியவர்கள் 2 பேர். இடைப்பட்ட வருஷங்களில் கீழ்வகுப்புக் கணக்குப் பாடங்களைச் சரிசெய்தார்கள். சக ஆசிரியர் பென் ஹிமெனெஸ் கூட நின்றார், முதல்வர் ஹென்றி கிராடியாஸ் ஆதரவு தந்தார். பிறகு பக்கத்துக் கல்லூரியில் கோடை வகுப்புகளும் வந்தன. 'மேதை' முத்திரை யாருக்கும் தேவைப்படவில்லை. படிக்க ஆசையிருந்தால் உள்ளே வரலாம். 1987இல், கால்குலஸின் இரண்டு நிலைகளிலும் சேர்த்து, 80 பேருக்கு மேல் தேறினார்கள்.

ஒரு சங்கடத்தையும் சொல்லவேண்டும். அவர் வகுப்பில் ஐம்பதுக்கும் மேல் பிள்ளைகள் இருந்தார்கள். ஆசிரியர் சங்க ஒப்பந்தத்தில் உச்சவரம்பு 35. மோதல் வந்தது. சங்கம் கேட்டது அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்னும் இரண்டு ஆசிரியர்களை அமர்த்தியிருக்கவேண்டிய நிர்வாகம் இந்தச் சண்டையில் வசதியாக ஒதுங்கிக்கொண்டது. முதல்வர் போனார். 1991இல் எஸ்கலான்டேயும் வேறு ஊருக்குப் போய்விட்டார். 1996இல் கார்ஃபீல்டில் தேறியவர்கள் 11 பேர்.