நிறுத்திவைத்த படகு இயந்திரத்தை மீண்டும் இயக்குதல்

பல வாரங்கள் நிறுத்திவைக்கப்பட்ட படகின் இயந்திரம் மீண்டும் இயக்கும்போது கிளம்பாமல் போவது பரவலாகக் காணப்படும் கோளாறு ஆகும். தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குத் திரும்பும்போது இச்சிக்கல் முக்கியத்துவம் பெறுகிறது. பெரும்பாலும் மின்கலம், எரிபொருள் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களே இதற்குக் காரணமாகின்றன. எனவே இயந்திரத்தைப் பிரிப்பதற்கு முன் எளிய காரணங்களை வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

பின்னணி

மீன்களின் இனப்பெருக்கத்தைக் காக்கும் பொருட்டு, தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை விதிக்கப்படுகிறது. முன்பு 45 நாட்களாக இருந்த இத்தடை 2017ஆம் ஆண்டில் நீட்டிக்கப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை நடைமுறையில் உள்ளது.

துறைமுகத்தில் இயந்திரம் கிளம்பாவிட்டால் அன்றைய தொழில் கெடும். நடுக்கடலில் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். பாக்கு நீரிணை போன்ற குறுகிய கடற்பகுதியில், இயந்திரம் நின்ற படகு 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வகுக்கப்பட்ட இந்திய-இலங்கை கடல் எல்லையைத் தாண்டி மிதந்து செல்லவும் கூடும்.

இயங்கு தத்துவம்

விசைப்படகுகளில் டீசல் இயந்திரங்கள் பயன்படுகின்றன. டீசல் இயந்திரத்தில் தீப்பொறிச் செருகி இல்லை. சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும்போது உண்டாகும் வெப்பத்திலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. எனவே போதிய வேகத்தில் சுழற்சி, காற்று, அழுத்தம், தூய எரிபொருள் ஆகிய நான்கும் அமைந்தால் இயந்திரம் கிளம்ப வேண்டும். இவற்றுள் எது குறைகிறது என்று அறிவதே கோளாறு கண்டறிதலின் அடிப்படை ஆகும்.

கண்டறியும் முறை

1. உயவு எண்ணெய்: அளவுகோலை எடுத்துப் பார்க்கும்போது எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. நீர் சிலிண்டருக்குள்ளும் புகுந்திருந்தால், இயக்க முயலும்போது இணைப்புத் தண்டு வளையக்கூடும். எனவே முதலில் இயந்திரத்தைக் கையால் சுழற்றிப் பார்ப்பது பாதுகாப்பானது.

2. மின்கலம்: முழுமையாக மின்னேற்றப்பட்ட 12 வோல்ட் ஈய-அமில மின்கலம் ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்டாலோ மெதுவாகச் சுழன்றாலோ மின்கலத்தையும் அதன் முனைகளில் படிந்த உப்பையும் துருவையும் கவனிக்க வேண்டும்.

3. நிறுத்து நெம்புகோல்: இது நிறுத்த நிலையிலேயே விடப்பட்டிருந்தால் சிலிண்டருக்கு எரிபொருள் செல்லாது. எளிதில் மறக்கப்படும் காரணம் இதுவாகும்.

4. புகை: நன்கு சுழன்றும் புகை வராவிடில் எரிபொருள் சிலிண்டரை அடையவில்லை எனக் கொள்ளலாம். வெண்புகை வந்தால், எரிபொருள் அடைந்தும் சரியாக எரியவில்லை. அப்போது அழுத்தக் குறைவு, நீர்க் கலப்பு ஆகியவற்றை ஆராய வேண்டும்.

5. எரிபொருள்: தொட்டியின் காலியிடத்தில் உள்ள ஈரப்பதம் குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். நீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்கள் வடிகட்டியை அடைக்கும். நீரை வடித்து, வடிகட்டியை மாற்ற வேண்டும். பின்னர் வடிகட்டியின் காற்று நீக்கு திருகைத் தளர்த்தி, குமிழிகளின்றி டீசல் வரும்வரை கைப்பம்பை இயக்க வேண்டும். வழக்கில் 'ஏர் லாக்' எனப்படும் காற்றடைப்பு இவ்வாறு நீக்கப்படுகிறது.

தொடக்கி மோட்டாரை ஒரு முறைக்கு ஏறத்தாழ 10 விநாடிகள் இயக்கி, பின் ஆறவிட வேண்டும். கடல்நீரைப் புகையுடன் சேர்த்து வெளியேற்றும் படகுகளில், கிளம்பாத இயந்திரத்தைத் தொடர்ந்து சுழற்றினால் நீர் தேங்கி சிலிண்டருக்குள் புகக்கூடும்.

வெளிப்பொருத்து இயந்திரங்கள்

கண்ணாடியிழைப் படகுகளின் வெளிப்பொருத்து இயந்திரங்கள் பல பெட்ரோலில் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓட்டப்படுகின்றன. இவற்றில் பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைப்பது முக்கியக் காரணமாகும். தீப்பொறிச் செருகி, தொட்டி மூடியின் காற்றுத்துளை, அவசர நிறுத்து விசை ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். பெட்ரோல் ஆவி தேங்கியிருக்கும்போது தீப்பொறியைச் சோதிப்பது ஆபத்தானது.

கிளம்பிய பின்

இயந்திரம் கிளம்பியதும் எண்ணெய் அழுத்தத்தையும் குளிர்விப்பு நீரோட்டத்தையும் உடனே கவனிக்க வேண்டும். நீரேற்றியின் இரப்பர்ச் சக்கரம் நீண்ட நாள் நிறுத்தத்தில் இறுகி முறியக்கூடும். அடியில் தங்கிய கசடு படகு அலையில் ஆடும்போதுதான் கலங்கி வடிகட்டியை அடைக்கும். ஆகவே கரையில் கிளம்பியதை மட்டும் கொண்டு இயந்திரம் சீராக உள்ளது எனக் கருத முடியாது. கரையருகே சிறிது நேரம் ஓட்டிப் பார்ப்பதும், மாற்று வடிகட்டியை உடன் கொண்டு செல்வதும் நல்லது.

தடுப்பு முறைகள்

நிறுத்துவதற்கு முன் டீசல் தொட்டியை நிரப்பி வைத்தல், பழைய எண்ணெயை மாற்றுதல், மின்கல இணைப்பைக் கழற்றி மாதம் ஒருமுறை மின்னேற்றுதல், கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்தல் ஆகியவற்றால் இக்கோளாறுகளுள் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.