உள்ளே நடப்பது – 14: சந்தேகப் பிராணியின் வேலை

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடுக்கும் கடைகள் சிலவற்றில், மின்னணுத் தராசின் பின்பக்கம் குனிந்து பார்த்தால் ஒன்பது ஊசிகள் கொண்ட பழைய சீரியல் போர்ட் இருக்கும். இன்றைய கணினிகளில் பெரும்பாலும் அந்தப் போர்ட் கிடையாது. யூ.எஸ்.பி. துளை மட்டும்தான். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மாற்றிக் கேபிள் தொங்கும். கேபிளின் தலைக்குள் ஒரு சிப். அந்தச் சிப்போடு பேசத் தெரிந்த ஒரு டிரைவர் கணினிக்குள் இருக்க வேண்டும். தராசு காட்டும் எடை பில்லில் ஏறுவது இந்த இருவரின் பேச்சுவார்த்தையால்தான்.

யூ.எஸ்.பி. கருவி செருகியதும் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், அந்த அறிமுகத்தைக் கேட்கும் டிரைவரை எழுதுபவரைப் பற்றி, அதைவிட முக்கியமாக, எழுதியதைப் படித்துப் பார்த்து ‘இது ஆகாது’ என்று திருப்பி அனுப்புபவரைப் பற்றி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் யார் எழுதிய வரியும் பொதுவாக இன்னொருவர் படிக்காமல் உள்ளே போவதில்லை. இந்தப் படிப்புக்குத்தான் கோட் ரிவ்யூ என்று பெயர்.

எக்சார் என்றொரு சிப் நிறுவனம். 2017-இல் மேக்ஸ்லீனியர் அதை வாங்கியது. எக்ஸ்ஆர்21வி1410 போன்ற யூ.எஸ்.பி.–சீரியல் சிப்கள் அவர்களுடையவை. 2018 ஏப்ரலில் பாடோங் யாங் என்பவர் இவற்றுக்கான டிரைவர் ஒன்றை லினக்ஸுக்கு அனுப்பினார். அது உள்ளே போகவில்லை. அந்த டிரைவர் ‘டிடிஒய்-எக்ஸ்ஆர்யூஎஸ்பி’ என்று புதிதாக ஒரு போர்ட் பெயரை உண்டாக்கியது. யூ.எஸ்.பி. சீரியல் கேபிள் என்றால் ‘டிடிஒய்-யூஎஸ்பி’ என்ற பெயரில்தான் மென்பொருள்கள் தேடும். புதுப் பெயரை அவற்றுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? இவ்வகைக் கேபிள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான அடித்தளம் கெர்னலில் ஏற்கெனவே இருந்தது. புது வீடு கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

2020-இல் அதே சிப்புக்கான டிரைவரைக் கையில் எடுத்தவர் மணிவண்ணன் சதாசிவம். யாங்கின் டிரைவரை ஆதாரமாக வைத்துக்கொண்டு, பொதுவான அடித்தளத்தின் மேல் திரும்ப எழுதினார். படித்துப் பார்க்கும் பொறுப்பு யூ.எஸ்.பி. சீரியல் பிரிவைப் பராமரிக்கும் யோஹன் ஹோவோல்டுடையது. அந்த ஆண்டில் மாதக்கணக்கில் பேட்ச், அதாவது கெர்னலில் சேர்க்க வேண்டிய மாற்றம், போவதும் கருத்து வருவதும் திருத்தி மறுபடி போவதுமாக ஓடியது. நவம்பரில் ஐந்தாம் பதிப்பு.

படிப்பவர் எதைத் தேடுகிறார்? எழுத்துப்பிழையையும் இடம்விடுதலையும் பார்க்க ஒரு சிறு நிரலே போதும். லினக்ஸில் ‘செக்பேட்ச்’ என்று ஒன்று அதற்கென்றே உண்டு. மனிதர் தேடுவது எழுதாமல் விட்டதை.

எழுதியவர் ஒரே ஒரு கருவியை மேசைமேல் வைத்துச் சோதித்திருப்பார். அது ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கும். படிப்பவரோ, பதில் பாதி வந்தால் என்ன ஆகும் என்று கேட்பார். சிப்பிடம் ஒரு பைட் கேட்கிறோம். பிழை என்று எதுவும் திரும்பவில்லை, ஆனால் வந்தது பூஜ்யம் பைட். கவனிக்காத டிரைவர் நினைவகத்தில் பழைய குப்பையாகக் கிடந்த எண்ணைப் பதில் என்று எடுத்துக்கொள்ளும். இந்த டிரைவரில் ஒரு பைட் கேட்டால் சரியாக ஒரு பைட் வந்ததா என்று பார்த்து, வராவிட்டால் பிழை என்று சொல்லும் வரி இருக்கிறது. அந்த ஒற்றைப் பைட்டை வாங்கி வைக்கும் இடத்தையும் கெர்னலிடம் தனியாகக் கேட்டுத்தான் பெறுகிறது. அற்ப விஷயத்துக்கு ஏன் இந்த ஆடம்பரம் என்று தோன்றலாம். முன்பு பல டிரைவர்கள் அந்த இடத்தை ஸ்டாக்கிலேயே, அதாவது ஓடும் நிரலின் தற்காலிக நினைவகத்திலேயே, எடுத்துக்கொண்டன. கூடாது என்று விதி இருந்தும் பெரும்பாலான கணினிகளில் வேலை நடந்தது. 2016 டிசம்பரில் வந்த 4.9 கெர்னல் பாதுகாப்புக்காக ஸ்டாக்கை வைக்கும் முறையை மாற்றியதும் அவற்றில் பல படுத்துவிட்டன. டி.வி. பார்க்கும் யூ.எஸ்.பி. கருவிகளின் டிரைவர்கள் அதில் நன்றாக அடிவாங்கின.

எனக்கு இந்த டிரைவரில் மிகவும் பிடித்தது ஒரு சின்ன நேர்மை. சீரியல் போர்ட்டில் ஒரு எழுத்துக்கு ஐந்து, ஆறு, ஏழு அல்லது எட்டு பிட் என்று கேட்கும் வசதி பழங்காலத்திலிருந்து உண்டு. இந்தச் சிப்புக்கு ஐந்தும் ஆறும் தெரியாது. ஒரு மென்பொருள் ஐந்து பிட் கேட்டால் டிரைவர் என்ன செய்ய வேண்டும்? தலையாட்டிவிட்டு எட்டில் ஓடினால், கேட்டவர் ஐந்து என்றே நம்பிக்கொண்டிருப்பார், எதிர்முனையில் வந்து விழுவது உளறலாக இருக்கும். இங்கே டிரைவர் பழைய அமைப்பையே திரும்ப எழுதி வைக்கிறது. கேட்டவர் போர்ட்டின் நிலையைப் படித்துப் பார்த்தால் தன் கோரிக்கை நிறைவேறவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். வேகமும் அப்படியே. சிப்புக்குள் ஓடும் கடிகாரம் 48 மெகாஹெர்ட்ஸ், டிரைவரில் நொடிக்கு 46 பிட் முதல் அந்தக் கடிகாரத்தின் அளவான 4,80,00,000 பிட் வரை என்று எல்லை. அதற்கு வெளியே யார் கேட்டாலும் எல்லைக்குள் இழுத்து வைக்கிறது.

வேகம் பூஜ்யம் என்று கேட்டால்? இது மோடம் காலத்து மரபு. பூஜ்யம் என்றால் ‘தொடர்பைத் துண்டி’ என்று பொருள். வேகத்தைத் தொடாமல், தயார் என்று சொல்லும் இரண்டு கம்பிகளை மட்டும் இறக்கிவிட வேண்டும். இதில் பிசகு இருந்தது, பின்னர் திருத்தப்பட்டது.

கம்பி என்றதும் ‘ஃப்ளோ கன்ட்ரோல்’ என்ற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெறுபவர் திணறினால் ‘கொஞ்சம் நிறுத்து’ என்று அனுப்புபவருக்குச் சொல்ல சீரியல் கேபிளில் தனிக்கம்பி உண்டு. எங்கள் திற்பரப்பு அருவிக்கு அப்படி ஒரு கம்பி இல்லை. மேலே பேச்சிப்பாறையில் உபரிநீர் திறந்தால் கோதையாறு வந்தே தீரும், குளிப்பவர்களைத்தான் கரையேற்றித் தடை போட வேண்டும். இந்தச் சிப் யூ.எஸ்.பி.யின் பொதுவான மோடம் வகைக் கருவியாகவும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதால், கெர்னலில் இருக்கும் பொது டிரைவர் அதை முந்திக்கொண்டு பிடித்துவிடும். ஓரளவு வேலையும் நடக்கும். ஆனால் இந்த நிறுத்து–அனுப்பு அமைப்பை மாற்றும் வழி அந்தப் பொது வகையின் தரநிலையிலேயே இல்லை. ஆகவே புது டிரைவர் இருக்கும் கெர்னலில் ‘இந்த அடையாள எண் வந்தால் நீ ஒதுங்கிக்கொள்’ என்று பொது டிரைவருக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது.

பெரிய விவாதம் வேறோர் இடத்தில் நடந்தது. சிப்பில் ஆறு ஊசிகளை, மோடம் கம்பிகளாகப் பயன்படாதபோது, விளக்கு எரிக்கவும் ரிலே இயக்கவும் பொதுவாகப் பயன்படுத்தலாம். மணிவண்ணன் அதற்கும் பேட்ச் எழுதி, ஊசிகளுக்குப் பெயரும் வைத்திருந்தார். அதே மாதிரி இரண்டு கேபிளை ஒரே கணினியில் செருகினால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. ஒரே பெயரில் இரண்டு ஊசி. கெர்னலின் ஊசிப் பெயர்களுக்குத் தெரு, ஊர் என்ற பிரிவு எதுவும் இல்லை, எல்லாம் ஒரே பட்டியலில்தான். பெயர் மோதுகிறது என்று எச்சரிக்கை வரும். பலகையில் நிரந்தரமாகப் பற்றவைத்த சிப்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாட்டில், நினைத்தபோது செருகிப் பிடுங்கும் கருவி வந்து நிற்கிறது. இது ஒரு டிரைவருக்குள் தீரும் சிக்கல் இல்லை. கடைசியில் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, 2021 ஜனவரியில் டிரைவர் மட்டும் ஏற்கப்பட்டது. ஊசிகள் தேவைப்பட்டவர்களுக்கு நட்டம்தான். ஆனாலும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். தீராத ஒன்றுக்காகத் தீர்ந்த ஒன்றையும் நிறுத்திவைத்திருந்தால் இன்னும் ஓராண்டு ஓடியிருக்கும்.

ஏற்றுக்கொண்ட கையோடு, அதே ஜனவரியில் ஹோவோல்டே ஒரு வரிசை திருத்தங்களை அனுப்பினார். வேகம் பூஜ்யம் விவகாரம் அவற்றில் ஒன்று. கேபிளைப் பிடுங்கும்போது கட்டுப்பாட்டுப் பகுதியைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டது இன்னொன்று. மூன்றாவதுதான் சுவாரசியம். சிப்புக்குள் கட்டுப்பாட்டுக்கு ஒரு பகுதி, தரவுக்கு ஒரு பகுதி. கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கும் என்று நம்பி டிரைவர் அதைத் தொடுகிறது. எக்சார் செய்த சிப்பில் அது எப்போதும் இருக்கும். ஆனால் எக்சாரின் எண்ணைச் சொல்லிக்கொண்டு, அந்தப் பகுதியே இல்லாத வேறொரு கருவியை யாராவது செருகினால்? டிரைவர் வெற்று முகவரியைத் தொட்டுக் கெர்னலையே தடுமாற வைக்கும்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2017-இல் கூகுளில் இருந்த ஆந்த்ரே கொனோவலோவ் ‘சிஸ்காலர்’ என்ற கருவியை யூ.எஸ்.பி. பக்கம் திருப்பினார். அது பொய்யான அறிமுகங்களை ஆயிரக்கணக்கில் தயாரித்துக் கெர்னலிடம் நீட்டும். அறிமுகத்தை அப்படியே நம்பிய டிரைவர்கள் வரிசையாக விழுந்தன. அந்த நவம்பரில் மட்டும் 14 பாதுகாப்பு ஓட்டைகளை அவர் பகிரங்கப்படுத்தினார். அதன்பிறகு, செருகப்படும் எதுவும் உண்மை சொல்லும் என்று எந்த ரிவ்யூவரும் எடுத்துக்கொள்வதில்லை.

கருவியைச் சந்தேகிப்பது வேறு, தண்டிப்பது வேறு. 2014-இல் எஃப்.டி.டி.ஐ. நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் டிரைவர், போலிச் சிப்களைக் கண்டதும் அவற்றின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதியது. கடையில் காசு கொடுத்துக் கேபிள் வாங்கியவர், உள்ளே இருப்பது போலி என்றே அறியாதவர், செயலிழந்த கேபிளோடு நின்றார். அதே ஆண்டு லினக்ஸ் டிரைவரில் அந்தப் பூஜ்ய எண்ணையும் ஏற்றுக்கொள்ளும் வரி சேர்க்கப்பட்டது.

மணிவண்ணனின் டிரைவரோடு 5.12 கெர்னல் 2021 ஏப்ரல் 25 அன்று வெளியானது. ஹோவோல்டின் திருத்தங்களும் அதற்குள் உள்ளே போயிருந்தன. அதே ஏப்ரலில் அவர் எக்சாரின் மற்ற சிப் வகைகளுக்கும் ஆதரவு எழுதினார். அந்தக் கோப்பை இன்று திறந்தால் தலைப்பில் 2020-க்கு மணிவண்ணன் பெயரும், 2021-க்கு ஹோவோல்ட் பெயரும், முதலில் எழுதியவர் என்று யாங்கின் பெயரும் இருக்கின்றன.

(தொடரும்)