ஏலக்காய்: கண் காணும் பச்சையும் நாக்கு அறியும் மணமும்

ஏலக்காயை ஏலம் விடுகிறார்கள் என்று சொன்னால், தமிழ் தெரியாதவருக்கு அதை விளக்குவது கடினம். ஒரே சொல் இரண்டு பொருளில் வருகிறது. இந்திய ஏலக்காய் வணிகத்தின் பெரும்பகுதியும் இரண்டே ஊர்களில் நடைபெறுகிறது. ஒன்று, தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர். மற்றொன்று, கம்பம்மெட்டைக் கடந்தால் வரும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடி. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் மின்னணு முறையில் நடக்கும் இந்த ஏலங்களில், ஒவ்வொரு வணிகரின் முன்னும் கைப்பிடியளவு மாதிரி வைக்கப்படும். விவசாயி ஒருவரின் பல மாத உழைப்புக்கு விலை நிர்ணயமாவது அந்தச் சில நொடிகளில்தான்.

அங்கே முதலில் தீர்ப்பளிப்பது கண். காய் எவ்வளவு பெரியது, எவ்வளவு பச்சை, வெடிப்பு உண்டா என்பவை பார்க்கப்படுகின்றன. அடுத்தது எடை. ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தில் காயை நிரப்பி நிறுப்பர். இதற்கு லிட்டர் எடை என்று பெயர். அக்மார்க் விதிகளின்படி, ஆலப்புழைப் பச்சை ஏலக்காயின் முதல் தரத்துக்குக் காய் 7 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், லிட்டர் எடை 435 கிராமுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். அடுத்த தரத்துக்கு இவை 6 மில்லிமீட்டர், 415 கிராம். உள்ளே விதை நிறைந்திருந்தாலன்றி இந்த எடை வாராது என்பதால் இது நல்ல அளவுகோலே. ஆனால் மணத்தை அளக்க இவ்வரிசையில் எதுவும் இல்லை. பிரான்சின் போர்தோ பகுதியில், குப்பியில் அடைக்கும் முன்பே புதிய ஆண்டின் சிவப்பு ஒயினைப் பீப்பாயிலிருந்து எடுத்துச் சுவைத்துத்தான் விலை பேசுவர். நம் மலையில் நாக்குக்கு அவ்வளவு இடம் தரப்படவில்லை.

மணம் தோட்டத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. விதை கறுத்து, தோல் இன்னும் பச்சையாக இருக்கும் பருவத்தைக் 'கரிங்காய்' என்பர். பறிப்பதற்குச் சிறந்த தருணம் அதுவே. முந்திப் பறித்தால் விதை வெளுத்துச் சுருங்கும். பழுக்கவிட்டால் உலர்த்தும்போது தோல் வெடிக்கும். ஒரே கொத்தில் எல்லாக் காய்களும் ஒன்றாக முற்றுவதில்லை. ஆகவே ஒரே செடியில் சில வாரங்களுக்கு ஒருமுறை தேர்ந்து பறிக்க வேண்டும். தேனிப் பகுதியிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறும் பெண்களின் விரல்களே முதல் தரப் பரிசோதகர்கள் எனலாம்.

பறித்த காயில் ஈரம் சுமார் 80 விழுக்காடு. ஸ்டோர் என்று அழைக்கப்படும் உலர்த்தும் கூடத்தில் ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் மிதமான வெப்பத்தில் வைத்து அதைப் பத்து விழுக்காட்டளவுக்குக் குறைப்பர். வெப்பம் மிகுந்தால் நிறமும் எண்ணெயும் சேர்ந்தே போகும். பச்சை நிறத்துக்கு மதிப்பு உண்டானதில் இவ்வளவு நியாயம் உண்டு: அது கவனமான உலர்த்தலின் அடையாளம். ஆயினும் எண்ணெய் இருப்பது விதையில், தோலில் அன்று. சற்றே வெளிறிய, ஆனால் நன்கு முற்றிய காய் பாயசத்துக்குக் குறைந்ததல்ல. நிறத்துக்கு மட்டும் கூடுதல் விலை தருவது, என் கருத்தில், பரிசுப் பெட்டிக்குப் பொருந்தும், அடுக்களைக்கு அவசியமில்லை.

விலையோ பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறும். 2018 பெருவெள்ளத்துக்குப் பின், வறண்ட கோடையும் சேர்ந்து விளைச்சல் குறைந்தபோது, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. மூன்றே ஆண்டுகளில் சராசரி ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியது. உச்ச விலையை நம்பிக் கடன் பெற்றுத் தோட்டத்தை விரித்தவர்களுக்கு அந்த இறக்கம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

கடையில் வாங்கும்போது ஒரு காயை உடைத்துப் பாருங்கள். விதை கரும்பழுப்பாய், லேசான பிசுபிசுப்புடன் இருத்தல் நன்று. இரண்டு விதையை மென்றால் முதலில் இனிப்பு கலந்த மணமும், தொடர்ந்து தைலம் போன்ற குளிர்ச்சியும் எழும். காரம் மட்டும் தோன்றி மணம் எழாவிட்டால், அது பழைய சரக்கு அல்லது எண்ணெய் வடித்தபின் எஞ்சிய காய். ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பச்சை ஒட்டினால் சாயம் ஏற்றியது. தோலோடு, காற்றுப் புகாத புட்டியில், வெளிச்சம் படாமல் வைத்து, வேண்டும்போது மட்டும் உடைத்துப் பொடித்துக்கொள்ளலாம்.