காவிரிக்கு எதிர்நடை – 9: அணைக்கு மேலே ஓர் அருவி

ஆடி நெருங்கினால் தமிழ்நாட்டில் காவிரி இரண்டு எண்களாகிவிடும். மேட்டூருக்கு 120 அடி, கிருஷ்ணராஜசாகருக்கு 124.80 அடி. அங்கே நிரம்பியதா, இங்கே திறந்தார்களா என்று செய்தி பார்ப்போம். அந்தக் கிருஷ்ணராஜசாகர் அணைக்கு மேலே ஆறு எப்படி வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. சென்ற வாரம் பல்முரித் தடுப்பணையில் நின்றோம். இந்த வாரம் அணையைத் தாண்டி, மைசூர் மாவட்டத்தில் இருக்கும் சுஞ்சனகட்டேக்குப் போகிறோம்.

மைசூரிலிருந்து அரசிக்கெரே பக்கம் போகும் ரயிலில் ஏறுங்கள். சாகரகட்டே பாலத்தில் வண்டி போகும்போது இருபுறமும் அணையின் பின்நீர் விரிந்து கிடக்கும். அதைப் பார்ப்பதற்காகவே நான் பஸ்ஸை விட்டு ரயிலில் போனேன். கிருஷ்ணராஜநகரில் இறங்கினால் சுஞ்சனகட்டே இன்னும் சுமார் பதினைந்து கிலோமீட்டர். பஸ் உண்டு. ஊருக்குச் சற்று முன்பே இறங்கி வயல்களின் ஓரமாக நடந்தேன். மைசூர் மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய வட்டாரம் இது. வாய்க்கால், மதகு, சேற்றில் குனிந்து நிற்கும் நடவுப் பெண்கள், வரப்பில் கொக்கு. தஞ்சாவூர்க்காரர் ஒருவரைக் கொண்டுவந்து விட்டால் வழி கேட்காமல் நடந்துவிடுவார்.

அருவியைக் காண்பதற்கு முன்பே அதன் இரைச்சல் வந்துவிடுகிறது. உயர்ந்த கரையில் கோதண்டராமர் கோயில். அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் ஆறு முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடும். பாறை நடுவே நின்று காவிரியை இரண்டாகப் பிளக்கிறது. இரு பிரிவும் சுமார் இருபது மீட்டர் சரிந்து விழுந்து, கீழே மறுபடி ஒன்றாகின்றன. குற்றாலத்தைப் போலத் தலையைக் கொடுத்து நிற்கும் அருவி அல்ல இது. செம்மண் கலந்த நீர் பாறைக்குப் பாறை மோதி நுரைத்து இறங்குகிறது. பத்து நிமிடம் நின்றால் சட்டை நனைந்துவிடும்.

இங்கே விழும் தண்ணீரில் ஹேமாவதி இல்லை, லட்சுமணதீர்த்தம் இல்லை. அவை இரண்டும் அணையின் நீர்ப்பரப்பில்தான் வந்து சேர்கின்றன. கபினி இன்னும் கீழே, திருமகூடலு நரசிபுரத்தில். ஆகவே இந்த அருவியில் பெரும்பாலும் குடகு மழையைத்தான் பார்க்கிறோம். பாகமண்டலத்தில் மழை வலுத்தால் இங்கே இரைச்சல் ஏறும். குசால்நகர் அருகே ஹாரங்கி அணையைத் திறந்துவிட்டாலும் ஏறும். குடகிலிருந்து கிருஷ்ணராஜசாகருக்கு என்ன வரப்போகிறது என்பதை எண்களுக்கு முன்பாகவே இந்தப் பாறைகள் சொல்லிவிடும்.

வனவாசத்தில் ராமன் இங்கே வந்தபோது சுஞ்சன், சுஞ்சி என்ற காட்டுத் தம்பதி உபசரித்தார்கள் என்பது ஊர்க்கதை. சீதை நீராட லட்சுமணன் அம்பெய்து நீர் வரவழைத்தானாம். கோயிலில் சீதை ராமனுக்கு வலப்புறம் நிற்கிறாள், வழக்கமாக இடப்புறம்தான். அருவி இரைச்சல் வளாகமெங்கும் கேட்டாலும் கருவறைக்குள் மட்டும் கேட்காது என்றும் சொல்கிறார்கள். இரவும் பகலும் இந்த ஓசையோடு குடித்தனம் நடத்தியவர்களுக்குத்தான் இப்படி ஒரு கதை தோன்றும். சாமிக்காவது கொஞ்சம் அமைதி கிடைக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

ஜனவரியில், சங்கராந்தியை ஒட்டி, இங்கே பெரிய மாட்டுச் சந்தையும் தேரும் நடக்கும். ஹள்ளிகார் காளைகளை அலங்கரித்து ஜோடி ஜோடியாக நிறுத்தியிருப்பார்கள். கூட்டம் மிகுந்த அந்த நாட்களில் தண்ணீர் மெலிந்திருக்கும். கோடையில் பாறைதான் மிச்சம். மழை குறைவது மட்டுமே காரணம் அல்ல. இங்கே 18 மெகாவாட் புனல் மின்நிலையம் ஒன்று இருக்கிறது. வயல்களுக்குப் போகும் வாய்க்கால்களும் இருக்கின்றன. ஆற்றில் நீர் குறையும் காலத்தில் விசையாழிக்கும் வயலுக்கும் போக மிஞ்சியதுதான் அருவிக்கு.

வயலுக்குப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காவிரிக் கணக்கை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் 740 டி.எம்.சி.யைப் பிரித்தது: தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழலுக்கு 10. கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போய்ச்சேரும் என்று 4. ஆறு ஆறாக ஓடுவதற்கென்று முழு வடிநிலத்துக்கும் எழுதி வைத்தது அந்தப் பத்துதான். மீனும் மணலும் அருவியும் கரைமரமும் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இரு மாநிலங்களும் வாதாடிய அத்தனை ஆண்டுகளில், நம் பங்கைக் கேட்ட அதே குரலில் ஆற்றின் பங்கையும் நாம் கேட்டிருக்க வேண்டும் என்று அந்தக் கரையில் நின்றபோது எனக்குத் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

போகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டில் போங்கள். கோயில் கரையிலிருந்து பாருங்கள், பாறைகளில் இறங்காதீர்கள். பாசி வழுக்கும். மேலே அணை திறந்தால், வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். பெட்டிக்கடைக்காரரிடம் ஹாரங்கி திறந்தாயிற்றா என்று கேட்டால் போதும், ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த வாரம் இன்னும் மேலே, ஹாசன் மாவட்டத்து இராமநாதபுரத்தில், கோயில் படித்துறையில் யாரும் பிடிக்காத மீன்களைப் பார்ப்போம்.

(தொடரும்)